மூன்று நாளில் முற்றிய சுக்கினி

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகந்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா?

லேசான காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டேன். இப்போது சரியாகிவிட்டது. அதற்குள் நான் வேலை பார்க்கும் இந்த வீட்டுத் தோட்டத்தில் விரல் நீளமிருந்த சுக்கினிப் பிஞ்செல்லாம், பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் காய், முழங்கை நீளத்துக்கு முற்றிவிட்டன. எனக்குக் காய்ச்சல் என்று அதற்குத் தெரியுமா? “மூணு நாள் பாக்கலைன்னா இப்படித்தான், இனி எதுக்கு ஆகும்?” என்று வீட்டுக்கார அம்மா சலித்துக்கொண்டார். அத்தனையையும் அறுத்தேன். இலையிலும் தண்டிலும் இருக்கும் சுனை பட்டுக் கை அரிக்கிறது.

பாப்பாவுக்குச் செருப்பு வாங்கப் போனேன். பாதம் இவ்வளவுதான் என்று உள்ளங்கையைக் காட்டினேன். “எப்ப அளந்தது?” என்றார் கடைக்காரர். ஊரைவிட்டு வந்த அன்று நான் பார்த்த அளவுதான் அது. வாங்காமல் வந்துவிட்டேன். அவளைத் தாளில் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புங்கள்.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். தாளில் தேதி போட மறக்காதீர்கள்.