சிஞ்ஞோராவின் பலகைச் சுவர்

அன்பு வேணுகா,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை.

இங்கே இத்தாலியில், பகேரியாவில் நான் வேலை செய்யும் பழைய வீட்டின் விறாந்தையறைச் சுவர் முழுவதும் மரப்பலகை. கலியாணமான புதிதில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் வீட்டுக்கார அம்மாவின் கணவர் ஆசையாக அடிப்பித்தது. வெள்ளைச் சுவர்தான் அழகு என்று சிஞ்ஞோராவின் மகன் போன கிழமை அதைக் கழற்றச் சொன்னார். முதல் பலகை என் கையைக் கீறிவிட்டது. ஆறிவிட்டது, பயப்படாதே.

சத்தம் கேட்டு வந்த சிஞ்ஞோரா சுவரோடு முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். “நான் செத்தாப் பிறகு கழட்டுங்கோ” என்றார்.

எனக்கு நம் முதல் வீட்டின் பலகைத் தடுப்பு நினைவுக்கு வந்தது. அடுப்படியிலிருந்து அதில் தட்டி, “இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது” என்பாயே. பலகையை நெம்பிய அலவாங்கைக் கீழே வைத்துவிட்டேன்.

“என்னால ஏலாது” என்று மகனிடம் சொன்னேன். அவர் கோபத்தோடு காரில் ஏறிப் போனார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்த நாள் வந்து, கழற்றிய பலகையைத் திரும்ப அடிக்கச் சொன்னார். சிஞ்ஞோரா பக்கத்தில் நின்று ஆணி எடுத்துத் தந்தார்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்துவிடு. ஞாயிறு நான் போன் எடுக்கும்போது அதை அடுப்படியில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். கதைக்க வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் கௌசிகன்