எட்டாவது டிராக்

அன்புள்ள நம் பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உனக்கு இருமல் நின்றதா? மருந்தைப் பாதியில் விட்டுவிடாதே.

வீட்டில் நாம் பாட்டுப் பதிந்த ரெக்கார்டரை இங்கே கொண்டுவந்தேன் அல்லவா, அதன் திரை மங்கிக்கொண்டே வருகிறது. மொத்தமாகப் படுத்துவிடும் முன், குரலும் வாத்தியங்களும் தனித்தனியாகப் பதிந்த எட்டு டிராக்கையும் ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்கு மாற்ற உட்கார்ந்தேன். ஏழு வந்துவிட்டது. எட்டாவதான உன் குரல் மட்டும் வரவில்லை. வேறு பிரதியும் கிடையாது. கொஞ்சம் பதறித்தான் போனேன்.

இன்ஜினியர் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ம்யூட்ல கிடக்குதேப்பா! அப்படி இருந்தா இந்த மெஷின் அனுப்பாது. எந்தப் புண்ணியவான் போட்டான்?"

நான்தான் என்று சொல்லவில்லை. வந்த புதிதில் உன் குரலைக் கேட்டால் வேலை ஓடாது. அதனால் அதை மட்டும் அடைத்துவிட்டு மற்றதைக் கேட்பேன்.

ம்யூட்டை எடுத்ததும் வந்துவிட்டாய். இரண்டாம் சரணத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, "இது எத்தனாவது விசில்? எண்ணுனீங்களா இல்லையா?" என்று அதட்டுகிறாய்.

"இதை வெட்டிடவா?" என்றார்.

"ஐயோ, வேண்டாம்ணே."

பாட்டு அங்கேயே நிற்கிறது. மீதியைப் போனில் பதிந்து அனுப்பு. சமையலறையிலேயே பாடு, அடுப்பை அணைக்காதே. கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்