டிக்கியில் இடமில்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் கை தானாகப் போகிறது. ஆனால் இந்தத் தடவை பாதிதான் நலம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார். நான் வாயைத் திறந்தால் கண்ணாலேயே அடக்கிவிடுகிறார். உன் கூட வேலை செய்யும் வெல்டர் லீவு முடிந்து கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டேன், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் தொடங்கின சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. பேச்சுக்கும் ஒன்றுமில்லை, அந்த வாய்க்கு எதுவும் ஆகாது என்று உனக்குத் தெரியுமே. வலது காலும் கையும்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வீடியோவில் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி என்னைப் போனைப் பிடிக்கச் சொல்வார். "சின்னவன்கிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவான்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு இத்தனை நாளும் உன்னிடம் சிரித்துப் பேசினேன். இனிமேல் முடியவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை உன் காரில்தான் அவரைப் பிசியோதெரபி பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியைக் கார்க் கதவோடு ஒட்டி நிறுத்தினால், நல்ல காலை ஊன்றி எழுந்து, ஒரு திருப்புத் திரும்பி, சீட்டில் உட்கார்ந்துவிடுவார். பிறகு நாற்காலியை மடக்கி டிக்கியில் போடுவேன். பழகிவிட்டது. அங்கே பயிற்சி கொடுக்கும் அம்மா கறாரான ஆள், லேசில் பாராட்ட மாட்டார். அவரே, விடாமல் கூட்டிக்கொண்டு வந்தால் அப்பா கைத்தடியோடு நடந்துவிடுவார், இப்போது விட்டால் கால் அப்படியே இறுகிவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது உன் பாட்டுப் பெட்டிக்கு வருகிறேன்.

நீ போனில் திட்டம் போட்டுச் சொன்னதையெல்லாம் அப்பா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் கதவுகளுக்குள் அதிர்வு தாங்கும் அட்டை ஒட்டணும், அப்புறம் கதவு ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப்ளிஃபயர், எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் டிக்கியில் பன்னிரண்டு அங்குல ஊஃபர் ஸ்பீக்கர் வைத்த பெட்டி என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்னது போதாதா என்று நான் கேட்டதற்கு, "அக்கா, அது பொம்மை. பேஸ் அடிச்சா நெஞ்சுல வந்து விழணும்" என்றாய். நாள் முழுக்கப் பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து பல் ராவுகிற சத்தத்தைக் கேட்கிறவளுக்கு நெஞ்சில் வேறு எதற்குடா விழணும்? சரி, எனக்கு அதில் ருசி இல்லை. உன் சந்தோஷம் எனக்குப் புரியாமல் இல்லை. நீ வாங்கி ஆசை தீர ஓட்டுவதற்குள் விட்டுவிட்டுப் போன கார் அது.

போன மாதம் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா, நீ சொன்ன அந்த ஆடியோ கடைக்காரரைத் தானே போன் பண்ணி வீட்டுக்கு வரவழைத்திருக்கிறார். அதற்கு முன் செய்த காரியத்தைக் கேள். வீடு துடைக்க வருகிற பெண்ணை விட்டுத் தன்னைக் கட்டிலுக்கு மாற்றிக்கொண்டு, நாற்காலியைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார். பார்த்தால் கடைக்காரர் கேள்வி கேட்பார் அல்லவா! அந்த மனிதர் காலியான டிக்கியை அளந்து, கச்சிதமாகப் பெட்டியை இறக்கி, அடியில் போல்ட்டும் போட்டு முடுக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. கதவு வேலை முடியட்டும் சார், அதற்கப்புறம் பெட்டி வைக்கலாம் என்று சொல்லியும் பார்த்தாராம். அப்பாவா கேட்பார்? "அவன் கேட்டதுல எது பெரிசோ அதை முதல்ல வை" என்றாராம்.

சாயங்காலம் நான் வந்து டிக்கியைத் திறந்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நாற்காலியைப் பின் கதவு வழியாக நுழைத்துப் பார்த்தேன். சக்கரம் மாட்டிக்கொண்டு சீட் உறை கிழிந்ததுதான் மிச்சம். உள்ளே போய்க் கத்தினேன். அப்பா மெதுவாகச் சொன்னார். "அவன் பொறந்ததுலேர்ந்து தனக்குன்னு ஒண்ணு கேட்டதில்லம்மா. முதல் தடவையா கேக்கறான். என் காலுக்காக அதையும் கெடுக்கணுமா?"

நான் போய் டிக்கியைச் சாத்திவிட்டு வந்து அவருக்குச் சோறு போட்டேன்.

அடுத்த பயிற்சி நாள் வந்தது. நாற்காலி இல்லாமலே போகலாம், என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். எனக்கும் புத்தி இல்லை, சரி என்றேன். காரிலிருந்து இறங்கி வாசல் வரைக்கும் போக வேண்டிய தூரம் எதிர்வீட்டுக்குப் போகிற தூரம்கூட இல்லை. பாதியில் கால் மடங்கிவிட்டது. அவர் விழாமல் இருக்க நான் பிடித்தேன், பிடித்த வேகத்தில் இரண்டு பேருமே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டோம். அடிபடவில்லை. வழியில் போகிறவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அவர் வேட்டி ஒதுங்கினதைச் சரிசெய்யக் கை வராமல் என்னைப் பார்த்தார் பார், அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இனிமேல் எங்கேயும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போகவே இல்லை.

பெட்டியைக் கழற்றச் சொல்லிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். பாவம், விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் அப்போதே கிளம்பி வந்தார். அப்பா விடவில்லை. "அதுல கை வச்சா நான் அந்தக் காரிலேயே ஏற மாட்டேன்" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாடகை வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றாலும் பாழாய்ப்போன பிடிவாதம், நடைபாதையில் விழுந்த வெட்கம், எதற்கும் அசைய மாட்டேன் என்கிறார். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன், வந்து மறுபடியும் ஆரம்பிக்கிறேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தே பல நாள் ஆகிறது.

உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. உனக்கு எதுவும் தெரியாது. ஆனால் இப்போது நீ சொன்னால்தான் அவர் கேட்பார். என்ன சொல்ல வேண்டும் என்று நானே யோசித்து வைத்திருக்கிறேன். அவருக்கு உடம்பு சரியில்லை என்று உனக்குத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாதே. காட்டினால் என்னோடு பேச மாட்டார். கதவு வேலை முடியாமல் பெட்டியை மட்டும் வைத்தால் சத்தம் கெட்டுவிடும், கார் முழுக்க உதறும் என்று சொல். பொய்யும் இல்லை. ஒரு தடவை போட்டுப் பார்த்தபோது நம்பர் பிளேட் குளிரில் நடுங்குகிற பல் மாதிரி அடித்துக்கொண்டது. நான் வந்து முறையாக வைத்துக்கொள்கிறேன், அதுவரை பெட்டியைக் கழற்றிக் கடையிலேயே வையுங்கள் அப்பா என்று சொல். நீ கேட்டதைச் செய்கிற திருப்தியோடு கழற்ற விடுவார். கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு.

நீ வந்து அந்தப் பாட்டை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் போடு. தெருவே அதிரட்டும், நான் வாய் திறக்க மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உயரத்தில் நின்று வேலை செய்யும்போது பெல்ட்டை மாட்டிக்கொள், சோம்பல் படாதே. எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

நீ எப்போது வருவாய் என்று உன்னிடம் கேட்கவே கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அவரும் கேட்பதில்லை. நீ போனை வைத்த பிறகு, வருவதைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று என்னிடம்தான் கேட்பார், தன் காதால் எல்லாவற்றையும் கேட்டிருந்தாலும். இன்றைக்கு நான் அந்த உத்தரவை மீறுகிறேன்.

எப்போதடா வருவாய்?

உன் அக்கா