சருகு மேல் சின்னவன்

ஜூன் 2
சின்னவன் இன்றும் சாப்பிடவில்லை. பப்பாளியை வெட்டி அலகருகே தள்ளினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூண்டின் மூலையில், சருகுக் குவியல் மேல் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் பெரியவனை வேறு உயிரியல் பூங்காவுக்கு அனுப்பியதிலிருந்து இப்படித்தான். இரண்டும் ஆள் உயரக் காசோவரிகள், நெருப்புக்கோழி மாதிரி பறக்காத பறவைகள். அண்ணன் தம்பி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஓயாத அடிதடி, அதனால் பிரித்தோம். பறவைப் பிரிவில் என்னோடு வேலை பார்ப்பது என் சொந்த அண்ணன். "இருந்தப்ப அடிச்சுக்கிட்டானுங்க, இப்ப ஏங்கிச் சாகுறான் பாரு" என்றான்.

ஜூன் 5
ஒரு வாய் இல்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஜூன் 9
சின்னவனை எழுப்பி நிறுத்தி வாயில் ஊட்டிவிடலாம் என்று அண்ணன் உள்ளே போனான். அடிவயிற்றில் கை கொடுத்துத் தூக்கினான் — அவ்வளவுதான். ஒரே உதை. கத்தி மாதிரி அந்த உள்விரல் நகம்... ஐயோ, தொடையிலிருந்து எவ்வளவு ரத்தம்! துடைப்பத்தை நீட்டிக்கொண்டு கத்தத்தான் முடிந்தது என்னால். சின்னவன் துரத்தி வரவில்லை. போய் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

ஜூன் 10
அண்ணன் பிழைத்துவிட்டான். நடக்க நாளாகுமாம். அண்ணி கைக்குழந்தையோடு மேலாளர் முன்னால் போய் நின்றுவிட்டாள். ஆளை அடித்த பறவை இருக்கக் கூடாதாம். நாளை மறுநாள் சின்னவனைக் கொல்லப் போகிறார்கள். "பாவம் அண்ணி அவன்" என்று வாயெடுத்தேன். "உனக்கு அண்ணன் பெருசா, அந்தச் சனியன் பெருசா?" அண்ணன்தான். ஆனாலும்...

ஜூன் 11
ஒன்று உறுத்துகிறது. இவற்றின் மூதாதைகள் பறந்தவை. மழைக்காட்டில் கீழே விழும் பழம் போதும், ஓடக் கால் போதும் என்று ஆகிப்போய், இறக்கையில் இப்போது ஈர்க்குச்சி மாதிரி நாலு முள்தான் மிச்சம். ஆபத்தென்றால் முதலில் ஓடி ஒளியும். பின்பக்கக் கொட்டகை திறந்துதானே கிடந்தது? ஏன் ஓடவில்லை இவன்?

ஜூன் 12
டாக்டர் மயக்க ஊசித் துப்பாக்கியோடு வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா." கடைசியாக ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன் என்று கம்பியை ஒட்டி நின்றேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அப்போது எழுந்தான். இத்தனை நாளில் தானாக எழுந்து நான் பார்த்தது அப்போதுதான். அலகால் சருகை விலக்கி எதையோ மெல்ல உருட்டினான். பச்சை. பளபளவென்று பச்சை. மூன்று!

"சுடாதீங்க டாக்டர்! முட்டை! அடைகாக்குறான்!"

"ரெண்டும் ஆணாச்சேம்மா?" என்று இழுத்தவர், தானே நெற்றியில் அடித்துக்கொண்டார். காசோவரியில் பெட்டை உருவத்தில் பெரிது, முட்டையிட்டதும் அதன் வேலை முடிந்தது, அடைகாப்பது சேவல் — இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அண்ணன் தம்பி என்று எவனோ சொன்னதை நம்பித் தொலைத்தோம். பெரியவன்தான் பெட்டை.

ஜூன் 13
சின்னவன் பிழைத்தான். குஞ்சு பொரியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அண்ணியிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 19
மூன்று குஞ்சுகள், உடம்பெல்லாம் கோடு கோடாக. சின்னவன் துரும்பாக இளைத்துவிட்டான்.

அண்ணன் ஊன்றுகோலோடு வந்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணியும். சின்னவன் குஞ்சுகளை மறைத்து நின்று உறுமினான். அண்ணன் சட்டென்று பின்வாங்கினான்.

"இவனா சாப்பிடாம உக்காந்திருந்தது?" என்றாள் அண்ணி.

"ஆமா அண்ணி. அப்பன்."

அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாப் பாத்துக்குங்க. நம்ம புள்ள ராத்திரி அழுதா ஒருநாளாவது எந்திரிச்சிருக்கீங்களா?"

அண்ணன் சிரித்துவிட்டு, வலியில் தொடையைப் பிடித்துக்கொண்டான். அண்ணி பையிலிருந்து ஒரு பப்பாளியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, அந்தச் சனியனுக்குப் போடு. எலும்பும் தோலுமா நிக்குது."