மாடிப்படி வரவேண்டிய மூலையில் மந்தாரை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா நலமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஒரு திருத்தமாகவே எழுதுகிறேன். நான் குழியில் விழுந்துவிட்டதாக உன் அண்ணி உன்னிடம் போனில் சொன்னாளாம். நான் விழவில்லை, உட்கார்ந்தேன். கொத்தனார் வெட்டிய குழிக்குள் செங்கல் துண்டுகளை அப்படியே விட்டுப் போயிருந்தார், அவற்றைப் பொறுக்க விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டேன், எழுந்திருக்கத்தான் கொஞ்சம் துணை தேவைப்பட்டது. எதிர் வீட்டு நர்ஸ் வந்து கைகொடுத்தாள், கொடுத்த கையோடு தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாள். உட்கார்ந்ததற்கும் விழுந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் ஜனங்கள் எந்தத் தைரியத்தில் ஊசி போட்டுக்கொள்கிறார்களோ. நல்ல சிமெண்ட் தரையை உடைத்துப் போட்டிருக்கிறாள், கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றும் பேச்சு. உடைத்தது உண்மை. புத்தி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, பேத்திக்கு இருமல் விட்டதா, ராத்திரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க வைக்காதே.

விஷயம் இதுதான். வாசல் கேட்டுக்கு இடப்பக்க மூலையில், மாடிப்படிக்கென்று அப்பா ஒதுக்கி வைத்த இடத்தில், ஒரு வெள்ளை மந்தாரை நட்டிருக்கிறேன். போன வருஷம் பழைய மாணவிகள் கூட்டத்துக்காகக் கான்வென்ட் பள்ளிக்குப் போனபோது அங்கே கன்னியாஸ்திரீகளின் தோட்டத்து மரத்திலிருந்து நாலைந்து முற்றிய காய்களைக் கேட்டு வாங்கி வந்தேன், கேட்டு வாங்கினேன் என்பதைக் கவனி, உன் அண்ணி வேறு மாதிரி சொல்லக்கூடும். சமையலறை ஜன்னலில் காய வைத்திருந்தபோது ஒரு மத்தியானம் பட்பட்டென்று வெடித்து விதைகள் பாத்திர அலமாரி வரை தெறித்தன, உன் அண்ணி பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடினாள். விதைகளை ஓர் இரவு வெந்நீரில் ஊறப்போட்டுப் பால் பாக்கெட்டுகளில் ஊன்றினேன். முளைத்தவற்றில் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நர்ஸிடம் கொடுத்தேன், அவள் தினமும் தண்ணீரை ஊற்றி அழுகவிட்டாள்.

செடி விற்பவர் வெளிநாட்டு வகை ஒன்றைக் காட்டி வருஷம் முழுக்கப் பூக்கும் என்றார். வருஷம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் மனிதர்களையே எனக்குப் பிடிக்காது. மந்தாரை இந்த மண்ணுக்கு உரிய மரம், இங்குள்ள தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் பழக்கப்பட்டது, மின்கம்பியை எட்டாது, சுவரைப் பிளக்காது. பின்பக்கம் கழிவுத்தொட்டி, வலப்பக்கம் குடிநீர்க் குழாய், காலை வெயில் முழுதாக விழுவது அந்த மூலையில் மட்டுந்தான். தோண்டிய மண்ணிலேயே மக்கிய இலை உரத்தைக் கலந்து நிரப்பினேன், கடை உரம் எதுவும் போடவில்லை. மேலே சருகு பரப்பியிருக்கிறேன், தண்டைத் தொடாமல். குச்சி ஒன்று நட்டுப் பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் தளர்வாகக் கட்டியிருக்கிறேன், இறுக்கிக் கட்டினால் தண்டு தானாக நிற்கப் பழகாது. உன் அண்ணி துணி அலசிய சோப்புத் தண்ணீரை ஊற்ற வந்தாள், அந்தச் செடியில் அழுக்கு எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீயும் உன் பால்கனித் தொட்டிகளில் விரலை விட்டு ஈரம் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்று.

செடி நட்ட அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த உன் அண்ணன் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “தங்கச்சி குடிவந்தா மாடிக்குப் படி எங்கம்மா வைக்கிறது?” என்றான். அவ வர்றதா உன்கிட்ட சொன்னாளா என்று கேட்டேன். “ஏன், உங்ககிட்ட சொல்லலையா?” என்றான். அவனிடம் சொல்லியிருப்பாய் என்று நானும், என்னிடம் சொல்லியிருப்பாய் என்று அவனும் இத்தனை காலம் நினைத்திருக்கிறோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதில் சாப்பாடு ஆறிவிட்டது. நீ வரமாட்டாய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன் என்று அவனுக்குக் கோபம். அப்படி இல்லை. ஓர் இடத்தைச் சும்மா வைத்துக்கொண்டு தினமும் பெருக்கிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கொத்தனாரை ஏணி வைத்து மொட்டைமாடிக்கும் ஏறிப் பார்க்கச் சொன்னேன். உனக்கென்று மேலே அறைகள் எழுப்ப அப்பா தூணோடு நீட்டி விட்டுவைத்த கம்பிகள் துருவேறி, அவற்றின் வழியாக மழைத்தண்ணீர் இறங்கிக் கூடத்துக் கூரையில் கறை படிந்திருக்கிறது. அவர் இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, “கட்டுறதா இருந்தா கட்டுங்க, இல்லன்னா அறுத்துட்டுப் பூசிரலாம்மா. ரெண்டும் இல்லாம வச்சிருக்கிறதுதான் வீட்டுக்குக் கெடுதல்” என்றார்.

எப்போது இங்கேயே வந்துவிடப் போகிறாய் என்று போனில் நான் கேட்கும்போதெல்லாம் நீ பார்க்கலாம்மா என்பாய், நான் சரி என்பேன், பிறகு அங்கே குளிரா வெயிலா என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். மந்தாரைக்கு அது போதாது. அதன் ஆணிவேர் நேரே கீழே போகிறது. இப்போது முழங்கால் உயரந்தான், மழை தொடங்குவதற்குள் என்றால் மண்கட்டி கலையாமல் எடுத்துப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடலாம், மழை குடித்து வேர் இறங்கிய பிறகு பெயர்த்தால் பிழைக்காது. நீ வருவதாக இருந்தால் செடியை எடுத்துவிட்டுப் படி கட்டச் சொல்கிறேன், அதில் எனக்கு மனஸ்தாபம் இல்லை. வரவில்லை என்றால் கம்பிகளை அறுக்கச் சொல்கிறேன். அப்படியானால் எனக்கு வருத்தமே இராது என்று எழுதமாட்டேன், பொய் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் உன் உத்தியோகமும் பிள்ளையின் படிப்பும் அங்கேதான் என்று ஆகிவிட்டிருந்தால் அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, சொந்தக் காலில் நிற்கத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்.

உங்கள் மூவருக்கும் உடம்பிலும் மனத்திலும் ஒரு குறையும் வராமல் இருக்க என் ஆசீர்வாதம். பேத்தி எனக்கு எழுதும் கடிதங்களில் வரிகள் கோணிப் போகின்றன, கோடு போட்ட தாள் வாங்கிக் கொடு. இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே. வருகிறாயா, இல்லையா, ஒரு வரி போதும், உன் கையால் எழுதி மழைக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா