பெருநாளுக்கு முந்தைய தவணை

லால்மோகன் கிளை, போலா
9 அக்டோபர் 2001

அன்புள்ள மொர்ஷேதாவுக்கு,

ஸலாம். நீயும் துலியும் சுகம்தானே? எனக்கு வயிறு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எங்கள் மெஸ் சமையல்காரன் மிளகாயைத்தான் சோறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இந்த மாதம் எழுநூறு டக்காதான் அனுப்ப முடிந்தது. கோபப்படாதே. எங்கள் நிறுவனத்தின் கடன் குழு ஒன்றில் அம்பியா என்று ஒரு உறுப்பினர். வாத்து வளர்க்கக் கடன் வாங்கினாள். வாத்துகளுக்கு நோய் வந்து ஒரே வாரத்தில் அத்தனையும் போயின. ஆறு வாரமாகத் தவணை இல்லை. அவள் கட்டாத ஆயிரத்து இருநூறையும் மேனேஜர் என் சம்பளத்தில் பிடித்துவிட்டார். வசூலானால் திருப்பித் தருவாராம்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அங்கே சாதாரண ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பும் பணம்தான் இங்கே கடனாக வருகிறதாம். அம்பியாவை, முந்தைய கடனில் தகரக் கூரை போட்ட வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். கடனால் என்ன மாறியது என்று கேட்கச் சொன்னார். அம்பியா, "மழ பேஞ்சா இப்ப பாத்திரம் வைக்கிறதில்ல சார், அதச் சொல்லுங்க" என்றாள். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

டிசம்பர் முடிவில் என் பணி நிரந்தரமாக வேண்டும். அதற்குள் நிலுவை ஒரு பைசா இருக்கக் கூடாது. இருந்தால் வேலையும் போகும், உன் அண்ணன் மொக்லேஸ் கொடுத்து நான் கட்டிய ஆறாயிரம் முன்பணமும் போகும். ஆனால் நான் தொழில் கற்றுக்கொண்டுவிட்டேன். கடன் கொடுப்பது ஒருத்திக்கு, கேட்பது ஐந்து பேரிடம். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் எழுந்து போக முடியாது. நான் சத்தமே போடமாட்டேன். முற்றத்தில் உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

துலிக்கு முத்தம்.

உன்
தொஃபஸ்ஸல்


ஃபுல்சோரி, காய்பாந்தா
18 அக்டோபர் 2001

அன்புள்ள துலியின் அப்பாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதமும் பணமும் ஒரே நாளில் வந்தன. கடிதம் நீளமாக இருந்தது, பணம்தான் குட்டை.

இங்கே கார்த்திக் மாதத்துப் பட்டினி தொடங்கிவிட்டது. நெல் முற்றும்வரை யாருக்கும் வயலில் வேலை இல்லை. துலி தினமும், "அப்பா ஏன் மத்தவங்க வீட்டு முத்தத்துல போய் உக்காருறாரு, நம்ம முத்தம் நல்லா இல்லியா?" என்று கேட்கிறாள். நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். படித்துவிட்டுக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். அந்த ஆறாயிரம் மொக்லேஸ் அண்ணன் கொடுத்ததில்லை. அவனிடம் கேட்டபோது, "எங்கிட்ட இருந்தா தரமாட்டேனா" என்று சொல்லி முருங்கைக்காய் நாலைப் பறித்துக் கையில் கொடுத்தான். நம் ஊருக்கு வரும் வேறொரு நிறுவனத்தின் குழுவில் நான்தான் சேர்ந்தேன். கன்று வாங்குவதாகச் சொல்லிக் கடன் எடுத்தேன். உங்களுக்கு வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தது. வாரம் நூற்றைம்பது. சம்பளம் ஒழுங்காக வந்தவரை ஒழுங்காகக் கட்டினேன். இப்போது மூன்று வாரம் தவறிவிட்டது.

குழுக் கூட்டம் செவ்வாய்க்கிழமை, வசூலுக்கு வரும் சார் கட்டாதவள் முற்றத்தைவிட்டு எழுந்திருக்கமாட்டார். எங்கள் குழுத் தலைவி ஜொபேதா அண்ணி நேற்று வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தகரம் நல்ல கனம்ல?" என்றாள். நம் கல்யாணத்துக்கு என் அப்பா போட்டுக் கொடுத்த தகரத்தை அவள் ஏழு வருஷமாகப் பார்க்கிறாள். இதுவரை கனத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

என்ன செய்யட்டும்?

மொர்ஷேதா


லால்மோகன், போலா
27 அக்டோபர் 2001

மொர்ஷேதாவுக்கு,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். மெஸ்ஸில் தனியாக இருக்க வேறு இடமில்லை. வெளியே வந்ததும் சக ஊழியர், "வயித்து வலி அதிகமாயிடுச்சா?" என்று கேட்கும் அளவுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வேலைக்குச் சேர்ந்தபோது, என் குடும்பத்தில் யாருக்கும் வேறு எந்த நிறுவனத்திலும் கடன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்கள் குழுவுக்கு வசூலுக்கு வரும் சாருக்குத் தெரியவே கூடாது.

திட்டித் தீர்த்தாகிவிட்டது. இப்போது கேள். முற்றத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து நீ பயப்படுகிறாய். அவன் உன்னைவிடப் பயந்துபோய் இருப்பான். இரண்டு மணிக்குள் அவன் கிளைக்குப் போய்ப் பணத்தைக் கட்டியாக வேண்டும். உன் நூற்றைம்பது இல்லாமல் அவன் வசூல் தாளை முடிக்க முடியாது. ஒரு மணி வரை பேசாமல் இரு. அப்புறம், "உங்ககிட்ட இருக்கிற என் சேமிப்புல ஒரு தவணையப் புடிச்சுக்கங்க, மாசக் கடைசில சரி பண்ணிக்கலாம், தாள்ல நிலுவை காட்டாது" என்று சொல். நிச்சயம் ஒப்புக்கொள்வான். நானே பல தடவை ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

பணத்துக்கு ஏதாவது வழி பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை.

தொஃபஸ்ஸல்


ஃபுல்சோரி
7 நவம்பர் 2001

அன்புள்ள துலியின் அப்பாவுக்கு,

நடுவில் கறுப்புக் கோழியை விற்று ஒரு வாரம் கட்டினேன். நேற்றைய கூட்டத்துக்கு விற்க ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு மணி வரை வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன்.

சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உங்களைவிட நாலைந்து வயது இளையவர். "அக்கா, தாள்ல நிலுவை காட்டாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா? எந்த உறுப்பினருக்கும் இது தெரியாது. இது நாங்க மெஸ்ல படுத்துக்கிட்டுப் பேசுற பேச்சு" என்றார். பிறகு, "உங்க வீட்டுக்காரர் எந்தக் கிளைல இருக்காரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் மடியில் இருந்த துலி பெருமையாக, "போலா" என்று சொல்லிவிட்டாள்.

நாலு குழுவின் இருபது பெண்கள் முன்னால். நான் அவளைக் கிள்ளக்கூட இல்லை.

கூட்டம் முடிந்ததும் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இருபத்தேழாம் தேதிக்குள்ள, அதுவரைக்கும் சேர்ற எட்டு வாரத் தவணையும் வந்துடணும். ஆயிரத்து இருநூறு. பெருநாளுக்கு முன்னாடி எங்க மேனேஜர் கணக்கு முடிக்கிறாரு. இல்லாட்டி உங்க வீட்டுக்காரர் ஆபீசுக்கு ஒரு கடுதாசி போகும். தப்பா நெனைக்காதீங்க, நானும் பொழைக்கணும்ல" என்றார். ஜொபேதா அண்ணியிடம் போய், தகரத்துக்கு விலை கேட்டு வைக்கச் சொன்னாராம். அதை அவளே எனக்கு வந்து சொன்னாள். "நான் என்னடி பண்ணட்டும், நீ கட்டலன்னா எனக்கு அடுத்த கடன் கிடையாதாம்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றாள்.

எனக்குத் தூக்கமில்லை. எப்படியாவது அனுப்புங்கள். எப்படிப் புரட்டினீர்கள் என்று கேட்கமாட்டேன்.

மொர்ஷேதா


லால்மோகன், போலா
19 நவம்பர் 2001

அன்புள்ள மொர்ஷேதாவுக்கு,

உன் பெயருக்கு ஆயிரத்து இருநூறு இன்று மணியார்டர் செய்திருக்கிறேன். திருட்டுப் பணம் இல்லை. என் சம்பளத்தில் பிடித்ததை மேனேஜர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தோளில் தட்டி, "இப்பதான் நீ ஆள்" என்றும் சொன்னார்.

நீ கேட்கமாட்டேன் என்று எழுதினாய். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு நோன்பு திறக்க முடியவில்லை. நேற்று அம்பியா வீட்டு முற்றத்தில் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். "பெருநாள் கழியட்டும் சார், புள்ளைக்குக் காய்ச்சல்" என்றாள். நான் குழுவின் மற்ற நாலு பேரையும் வரச்சொல்லி, இவள் கட்டாவிட்டால் யாருக்கும் அடுத்த கடன் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்புறம் அவர்களே ஏணி கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருத்தி அம்பியாவின் நாத்தனார். ஆணியைப் பிடுங்கிக்கொண்டே எனக்குக் கேட்கும்படி, "இந்த மனுசன் வீட்டுல பொம்பள இல்லியா?" என்றாள்.

எல்லாத் தகரமும் இறங்கியதும், அவர்கள் கூட்டிவந்த பழைய தகர வியாபாரி அங்கேயே பணத்தை எண்ணினான். பாஸ்புக்கில் அம்பியா ஒவ்வொரு எழுத்தாகக் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "வெயில்ல ஏன் நிக்கிறீங்க சார், உள்ள வந்து உக்காருங்க. இப்ப உள்ளயும் வெயில்தான்" என்றாள்.

நான் என்ன செய்திருக்க முடியும், நீயே சொல். உன் கூரையா அவள் கூரையா என்று வந்துவிட்டது. உன்னையும் துலியையும் நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். பெருநாளுக்கு நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். துலிக்கு என்ன நிறத்தில் கவுன் வேண்டும் என்று எழுது.

உன்
தொஃபஸ்ஸல்


ஃபுல்சோரி
2 டிசம்பர் 2001

துலியின் அப்பாவுக்கு,

ஸலாம். உங்கள் மணியார்டர் 29ஆம் தேதி வந்தது. இரண்டு நாள் தாமதம்.

27ஆம் தேதி ஜொபேதா அண்ணியும் மற்ற மூவரும் வேன்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானே ஏணியை எடுத்துச் சாத்தினேன். ஆணிகள் துருப்பிடித்திருந்தன, அவர்களுக்குக் கழற்றத் தெரியவில்லை. நான் ஏறிக் கழற்றிக் கொடுத்தேன். சார் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். நோன்பு இல்லாவிட்டாலும் தண்ணீர் கேட்டிருக்கமாட்டார். எட்டு வாரமும் அடைந்துவிட்டது, உங்கள் ஆபீசுக்குக் கடிதம் போகாது. அந்தப் பயம் இனி உங்களுக்கு வேண்டாம்.

இப்போது வைக்கோல் போட்டு மூடியிருக்கிறோம். அறுவடை தொடங்கிவிட்டது, நெல் அவிக்கப் போகிறேன், கூலியாக அரிசி கிடைக்கிறது. பட்டினி இல்லை.

உங்கள் கடிதமும் மணியார்டரோடு அன்றைக்குத்தான் வந்தது. என் கூரையைக் கழற்றின கையாலேயே அந்தக் கடிதத்தைப் பிரித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். எப்படி என்று கேட்கமாட்டேன் என்று எழுதினவள் நான்தான். அதனால் இந்தப் பாவத்தில் பாதி எனக்கு. நான் அந்த வரியை எழுதியிருக்காவிட்டால் நீங்கள் ஒருவேளை எழுந்து போயிருப்பீர்கள்.

ஆயிரத்து இருநூறையும் உங்கள் பெயருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இது என் சம்பளம் என்று சொல்வீர்கள். சம்பளம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அதில் அரிசி வாங்கினால் எனக்குத் தொண்டையில் இறங்காது. அம்பியா கையில் கொடுங்கள். தகரம் வாங்கப் போதாது, பாதியாவது மூடட்டும். கொடுத்ததற்கு ஒரு துண்டுத் தாளில் அவளிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளோடு பெருநாளுக்கு வாருங்கள். அது இல்லாமல் நீங்கள் நம் முற்றத்தில் வந்து உட்கார்ந்தால் நான் எந்த முகத்தோடு உங்களைப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

உங்கள் மேல் பாசம் போகவில்லை. பயம் வந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

துலிக்குக் கவுன் வேண்டாம்.

மொர்ஷேதா


லால்மோகன், போலா
22 டிசம்பர் 2001

அன்புள்ள மொர்ஷேதாவுக்கு,

பெருநாளுக்கு நான் ஏன் வரவில்லை என்று துலி கேட்டிருப்பாள். என்ன சொன்னாய்?

பணம் 12ஆம் தேதி திரும்பி வந்தது. அன்றைக்கே அம்பியா வீட்டுக்குப் போனேன். மூங்கில் தூண்களைக்கூட யாரோ விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் எங்கே போனாள் என்று அந்த நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். பணம் வாங்க வரவில்லை, கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. நாத்தனார்க்காரி, "தெரிஞ்சாலும் ஒங்ககிட்ட சொல்வோமா சார்?" என்றாள். கடைசியில் டீக்கடைக்காரன்தான், "புள்ளையத் தூக்கிக்கிட்டு சிட்டகாங் போற லாஞ்சுப் படகுல ஏறுனா, அங்க கூலி வேலைக்குப் போன புருசனத் தேடி" என்றான்.

உன்னிடம் வர எடுத்த லீவில் நானும் லாஞ்ச் ஏறினேன். பெருநாள் தொழுகையைச் சிட்டகாங் படித்துறையில் தொழுதேன். மூன்று நாள் குடிசைப் பகுதியெல்லாம் அலைந்தேன். அம்பியா என்று கேட்டால் ஐந்து அம்பியாக்கள் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்திக்கும் யாரோ ஒரு சார் தேடி வந்துவிட்டான் என்ற பயம். அவர்களில் அவள் இல்லை. அந்தப் பிள்ளையின் காய்ச்சல் என்னவாயிற்று என்றும் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மேஜைமேல் கடிதம் இருந்தது. பணி நிரந்தரமாகிவிட்டது. இதற்காகத்தான் நீ கடன் வாங்கினாய், இதற்காகத்தான் நான் உட்கார்ந்தேன். மேனேஜர் இனிப்பு வாங்கித் தரச் சொன்னார். வாங்கிக் கொடுத்தேன். நான் சாப்பிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்பியாவின் கையெழுத்து எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு வாரமும் பாஸ்புக்கில் பார்த்த எழுத்து. நேற்று ஒரு துண்டுத் தாளை எடுத்து அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். அச்சு அசலாக வந்துவிட்டது. நீ அவளுடைய எழுத்தைப் பார்த்ததே இல்லை, அதைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் நம்பியிருப்பாய். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். பிறகு பிரித்து அடுப்பில் போட்டேன்.

பணம் என் பெட்டியில் அப்படியே இருக்கிறது. கையெழுத்து என்னிடம் இல்லை. அது இல்லாமல் வரலாமா? வரவேண்டாம் என்றால் அதையாவது எழுது. ஒவ்வொரு நாளும் தபால்காரரிடம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தொஃபஸ்ஸல்