நிழலற்ற நாளில் குறைந்த ஒரு குடம்

நலம் பெருகுக. வெண்மேழி நாட்டின் கோமான் மழவேளின் திருவாணை ஏந்தி, தலைநகர் பொழிலூரிலிருந்து அமைச்சர் பொற்கோடனார், ஓரையூரை ஆளும் அதிகாரி காரியாதனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் மக்கள் பசியறியாதிருக்க.

ஒளியை உண்டு நீர் இறைக்கும் ஞாயிற்றுப் பலகைகள் தங்கள் ஊரில் இரு வரிசையாய் நிற்பதும், இக்கார்மாதத்தில் முன்வரிசை பதினாறு குடம் இறைக்கும் பொழுதில் பின்வரிசை பதினைந்தே இறைத்ததும், குறைந்த குடத்தைத் திருடினாள் என்று பின்வரிசைக் காவற்பெண் வெண்ணியை வரும் முழுநிலவன்று நாடு கடத்தத் தாங்கள் தீர்ப்பளித்ததும் அமைச்சர் அறிந்தார். தீர்ப்புக்குச் சான்றாகத் தாங்கள் காட்டியது, அமைச்சரே கல்லில் வெட்டுவித்த விதி: நிழல் விழாத பலகையில் ஒளி குறையாது. மேகம் மூடிய நாளில் நிழல் ஏது என்பது தங்கள் வாதம்.

வெண்ணியோ, தான் ஒரு சொட்டும் மறைக்கவில்லை என்றும், ஐயமிருந்தால் ஒரேயொரு நாள் முன்வரிசையைத் தன்னிடம் விட்டுப் பார்க்கவேண்டும் என்றும் மன்றாடினாளாம். அதைத் திமிர் என்று தள்ளிவிட்டீர்களாமே! ஐயோ, அந்த ஒரு நாளைக் கொடுத்திருக்கலாம்.

பொழிலூர்த் தோட்டத்திலும் அதே இடைவெளியில் பலகைகள் நிற்கின்றன. அமைச்சர் தம் அறுபத்திரண்டு வயதில், எழுத்தர்கள் வாய்பொத்திச் சிரிக்க, பின்வரிசையின் அடியில் சேற்றில் மல்லாந்து படுத்தார். கார்நாளில் ஒளி ஞாயிற்றிடமிருந்து நேரே வருவதில்லை; வானம் முழுவதிலிருந்தும் பரந்து வருகிறது. கையை நீட்டி, மூடிய கைமுட்டியே அளவாக அவ்வானத்தை அளந்தார். எட்டில் ஒரு கூற்றை முன்வரிசை மறைத்திருந்தது. ஏணி வைத்து உச்சியிலிருந்து நோக்கினால் மறைவு ஏதுமில்லை. அடியில் எட்டில் ஒன்று, உச்சியில் ஒன்றுமில்லை. பலகை முழுமைக்கும் ஏறத்தாழப் பதினாறில் ஒன்று. காணாமற்போன குடம் அதுவே. அன்றே அவர் கோமானிடம் சென்று தம் பிழையை ஒப்பினார்.

ஆதலின் ஆணை: இவ்வோலை கண்ட கணமே வெண்ணியை விடுவிக்க. இனி கார்மாதங்களில் பின்வரிசையை, அது காணும் வானத்தைக் கொண்டே மதிக்க. பழைய விதிக்கல்லைப் பெயர்த்தெறிக. அவளைத் திருடி என்று முரசறைந்த அதே மன்றில், பிழை அமைச்சருடையது என்றும் முரசறைக. குரல் தாழ்த்த வேண்டா.

ஓலை எட்டுமுன் அவள் எல்லை கடந்திருந்தால் ஆள் அனுப்பற்க. அமைச்சர் தாமே நடந்து சென்று அழைப்பார். அவள் வர மறுத்தால், அவரும் திரும்பமாட்டார்.

கோமான் கேட்டு இசைந்தது. மேழி இலச்சினை இட்டது.